சுத்தியலடி வெள்ளிக் காசுகள்: கோணலைக் கண்டு ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வெளிநாட்டு நாணயங்களைச் சேகரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். இந்தத் துறைக்குத் தமிழ் இதழ்களில் இடம் கிடைப்பதே அரிது. அதற்கு என் நன்றி. ஆனால் 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வெள்ளிக் காசுகளைப் பற்றி அதில் சொல்லப்பட்ட மூன்று செய்திகள், புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு இழப்பையே தரும். வட்டம் சரியில்லாத, எழுத்து பாதி விழாத காசு போலியாக இருக்கும், வாங்காதீர்கள் என்பது ஒன்று. அந்தக் காலத்துக் கம்மியர்களுக்குக் கைத்திறன் போதாததால் காசுகள் கோணலாக வந்தன என்பது இன்னொன்று. கறுத்த காசைப் புளி, எலுமிச்சை, திருநீறு கொண்டு துலக்கினால் விலை கூடும் என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. அந்தக் காசு எப்படி அடிக்கப்பட்டது என்று தெரிந்தால் ஏன் தவறு என்பது விளங்கிவிடும்.

கைத்திறனைப் பற்றிய கருத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். லண்டன் டவர் கோட்டைக்குள் இருந்த நாணயச்சாலையில், முதலாம் எலிசபெத் காலத்தில் (1558–1603), ஓர் ஆறு பென்ஸ் காசு உருவான வழி இது. வெள்ளியை மூசையில் உருக்கிச் செம்பு சேர்ப்பார்கள். ஸ்டெர்லிங் தரம் என்றால் ஒரு டிராய் பவுண்டில், அதாவது 240 பென்னிவெயிட்டில், 222 வெள்ளி, 18 செம்பு, ஆயிரத்துக்கு 925. உருகியதைச் சட்டங்களாக வார்த்து, சுத்தியலால் அடித்து மெல்லிய தகடாக்குவார்கள். வெள்ளி அடிபட அடிபட விறைத்துப்போகும். அதனால் இடையிடையே சிவக்கக் காய்ச்சி இளக்க வேண்டும். அதில் அவசரப்பட்டால், பின்னால் அச்சுக்கு நடுவே அடி விழும்போது உலோகம் விரிந்துகொடுக்க முடியாமல் விளிம்பில் வெடிக்கும். இன்று பல காசுகளில் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் கீறல் விரிசல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவையே.

தகட்டைக் கத்தரியால் சதுரத் துண்டுகளாக வெட்டி, மூலைகளை நறுக்கி, தராசில் போடுவார்கள். எடை கூடினால் இன்னும் ஒரு நறுக்கு. குறைந்தால் அந்தத் துண்டு மறுபடி மூசைக்குப் போகும். பிறகு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குறட்டால் பிடித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி வட்டமாக்குவார்கள். ஆக, வட்டம் என்பது கத்தரியும் சுத்தியலும் சேர்ந்து தந்த ஓர் அண்மை வடிவம். எடைதான் அங்கே குறி, வட்டம் அல்ல. ஆறு பென்ஸ் காசு சுமார் 26 மில்லிமீட்டர் அகலம், 3 கிராமுக்குச் சற்று மேல் எடை. கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரிக் கனம் 0.6 மில்லிமீட்டரைத் தொடாது. இவ்வளவு மெல்லிய தகட்டைக் கையால் அடித்துக் கனம் ஏறக்குறைய ஒரே சீராகக் கொண்டுவந்தவர்களைக் கைத்திறன் இல்லாதவர்கள் என்பது நியாயமே இல்லை.

இந்த வட்டத் துண்டுகள், அதாவது வில்லைகள், தயாரானதும் வெளுப்பு. பலமுறை காய்ச்சியதில் செம்பு கருகி மேலே கறுப்பாகப் படிந்திருக்கும். திராட்சை ரசப் பீப்பாயில் படியும் புளிப்பு உப்பையும் சாதாரண உப்பையும் தண்ணீரில் கொதிக்கவைத்து, அதில் வில்லைகளை இடுவார்கள். மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்து, தூய வெள்ளி மெல்லிய தோலாக மிஞ்சும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உரைகல்லில் லேசாக உரசிப் பார்த்தாலும், மேற்பரப்பைப் படிக்கும் எக்ஸ்ரே கருவியில் வைத்தாலும், காசின் உள்ளே இருப்பதைவிடத் தரம் கூடுதலாகக் காட்டக்கூடும். காரணம் இந்த வெளுப்புத் தோல்.

இனி அடிப்பது. காசை ‘அடிப்பது’ என்று தமிழில் சொல்கிறோமே, இங்கே அது நேர்ப்பொருளிலேயே நடக்கிறது. அச்சு இரண்டு. அடியச்சின் கீழ்முனை ஆணிபோல் கூர்ந்திருக்கும். அதைக் கனத்த மரக்கட்டையில் அறைந்து நிறுத்தியிருப்பார்கள். மேலச்சு கையில் பிடிப்பது. வில்லையை அடியச்சின்மேல் வைத்து, மேலச்சை அதன்மேல் நிறுத்தி, சுத்தியலால் அடிப்பார்கள். அடியை நேரடியாக வாங்குவது மேலச்சுதான். அதன் தலை பிதுங்கும், முகம் விரைவில் வெடிக்கும். ஆகவே செதுக்கக் கடினமான அரசரின் தலையை அடியச்சிலும், கேடயத்தையும் சிலுவையையும் மேலச்சிலும் வைப்பது வழக்கம். தலை, ரோஜா, கேடயத்தின் சிங்கங்கள், ஒவ்வோர் எழுத்து என எல்லாவற்றுக்கும் தனித்தனி உளிமுத்திரைகள் உண்டு. அவற்றால் குத்திக் குத்தித்தான் அச்சு உருவாகும். ஆகவே ஒரே ஆண்டு, ஒரே வகைக் காசிலும் எழுத்து இடைவெளி, ரோஜாவின் இடம், முத்துவளையத்தின் நெருக்கம் எல்லாம் அச்சுக்கு அச்சு மாறும். எலிசபெத் காலத்தில் தலைமைச் செதுக்குநராக நெடுங்காலம் இருந்த டெரிக் ஆன்டனியின் உளிமுத்திரைத் தலைகளைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள்: கழுத்துப்பட்டியின் மடிப்புகளும் கிரீடத்தின் மணிகளும் தனித்தனியே தெரியும்.

மேலச்சைக் கை பிடிப்பதால் என்னென்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அச்சு சற்றே சாய்ந்தால் ஒரு பக்கம் எழுத்து ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் விழும். முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவே வில்லை திரும்பினால் மூக்கு இரண்டாகத் தெரியும். வில்லையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் வளையம் இன்றைய எந்திரத்தில் இருப்பதுபோல் அன்று இல்லை. அதனால் படம் மையம் விலகி, ஒரு பக்க எழுத்து காசுக்கு வெளியே போய்விடும். தலைக்கும் மறுபக்கக் கேடயத்துக்கும் இடையே நிலையான கோணமும் கிடையாது. இன்றைய ரூபாய் நாணயத்தை இடமிருந்து வலமாகத் திருப்பினால் மறுபக்கம் நேராக நிற்கும். அதை இந்தக் காசில் எதிர்பார்க்கக் கூடாது.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ராணியின் கன்னம் வழவழப்பாக இருந்தால் ‘தேய்ந்துவிட்டது’ என்று விலையைக் குறைப்பார்கள். காசைத் திருப்பி அதே இடத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். அங்கே கேடயத்தின் நடுப்பகுதியும் மங்கலாக இருந்தால் அது தேய்மானம் அல்ல. தலைக்கான பள்ளம் ஆழமானது. அதை நிரப்ப உலோகம் நகரும்போது மறுபக்கத்துக்குப் போதாமல் போகிறது. வில்லை அந்த இடத்தில் மெல்லியதாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக வெளிறும். தேய்மானம் வேறு மாதிரி: மேடான இடங்கள் எல்லாம், எழுத்துகளின் நெற்றி உட்பட, ஒரே அளவில் மழுங்கியிருக்கும். கன்னம் வழவழப்பு, ஆனால் பக்கத்திலேயே தலைமுடிச் சுருள் ஊசிமுனைபோல் கூர்மை என்றால், அது அச்சு சரியாக விழாத காசு. கையிலிருந்து கைக்கு அதிகம் மாறாத நல்ல காசாக அது இருக்கலாம்.

எந்திரம் தெரியாததால்தான் சுத்தியலைப் பிடித்தார்கள் என்பதும் சரியல்ல. பிரான்சில் இரண்டாம் ஹென்றி 1550களின் தொடக்கத்திலேயே பாரிஸில் எந்திர நாணயச்சாலை வைத்தார். ஸ்பெயினில் இரண்டாம் பிலிப், டைரோல் நாட்டின் ஹால் நகரிலிருந்து உருளை எந்திரம் வரவழைத்து, 1580களில் செகோவியாவில் ஆற்றுநீரால் ஓட்டினார். லண்டன் டவருக்கே 1561இல் எலுவா மெஸ்ட்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் எந்திரத்தோடு வந்தார். அவர் அடித்த ஆறு பென்ஸ் காசுகளின் வட்டம் இன்றைய நாணயம்போல் இருக்கும். ஆனால் வேகத்தில் அந்த எந்திரம் சுத்தியலிடம் தோற்றது. காசடிக்கும் கம்மியர்களுக்கோ எடைக் கணக்கில் கூலி. அவர்கள் எந்திரத்தை விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. 1572இல் மெஸ்ட்ரெல் வெளியேற்றப்பட்டார். கள்ளக்காசு வழக்கில் 1578இல் நாரிச்சில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த தலைமுறையில் நிக்கோலா பிரியோ என்ற பிரெஞ்சுச் செதுக்குநர், இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸிடம் வந்து 1631–32லும் 1638–39லும் அழகான எந்திரக் காசுகளை அடித்தார். அப்போதும் சுத்தியல் நிற்கவில்லை. பிரான்ஸ் 1645இல் சுத்தியலைக் கைவிட்டது. இங்கிலாந்தில் 1662 வரை அது ஓடியது.

இப்போது போலி பற்றிய எச்சரிக்கைக்கு வருகிறேன். ‘வட்டமாக இல்லை’ என்பதை அளவுகோலாக வைத்தால் நியூவார்க் காசுகளை என்ன செய்வது? அரசர் சார்லஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் முற்றுகைக்குள் சிக்கிய நியூவார்க் நகரில், 1645, 1646 ஆண்டுகளில், அரசர் பக்கப் படைக்குக் கூலி கொடுக்க வெள்ளித் தட்டுகளை வெட்டிக் காசாக்கினார்கள். சாய்சதுர வடிவம், ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழ் மதிப்பு, மறுபக்கம் முற்றுகையிடப்பட்ட நியூவார்க் என்ற பொருள்படும் சுருக்கமும் ஆண்டும். வட்டமாக நறுக்கினால் வெள்ளி வீணாகும், நேரமும் போகும் என்பதால் இந்த வடிவம். சில துண்டுகளில் பழைய தட்டின் பொன்முலாம் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் அதே போர்க்காலத்தில் அடித்த இருபது ஷில்லிங் (ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ்) வெள்ளிக்காசோ உள்ளங்கையை நிறைக்கும், 120 கிராம் எடை. அதன் மறுபக்கத்தில் புராட்டஸ்டன்ட் மதம், இங்கிலாந்தின் சட்டங்கள், பாராளுமன்றத்தின் உரிமை என்று அரசர் 1642இல் ஷ்ராப்ஷயரின் வெலிங்டன் ஊரில் தந்த உறுதிமொழி சுருக்க லத்தீனில் ஓடுகிறது.

வடிவத்தை விடுங்கள், எடையைப் பாருங்கள். அன்றைய கணக்கு எளியது. ஒரு டிராய் பவுண்டு 5,760 கிரெயின், நம் கணக்கில் 373.24 கிராம். 1560 முதல் அதிலிருந்து 60 ஷில்லிங் வெட்டினார்கள். 1601 முதல் 62. அதன்படி ஷில்லிங் 6.22 கிராமிலிருந்து 6.02 ஆனது, ஆறு பென்ஸ் 3.11இலிருந்து 3.01 ஆனது. (நகைக்கடையில் நாம் சொல்லும் ‘பவுன்’ என்ற சொல்லுக்கும் மூலம் இந்தப் பவுண்டுதான். ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 பென்னி என்று தொடங்கிய கணக்கு, பின்னாளில் ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்க சாவரினுக்குப் பெயராகி, அதன் ஏறக்குறைய 8 கிராம் எடை நமக்குப் பவுன் ஆயிற்று.) ஆனால் ஒவ்வொரு காசும் இந்த எடையில் துல்லியமாக நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை காசு என்பதைத்தான் சோதித்தார்கள். அனுமதித்த சிறு விலகலும் பவுண்டுக்கானது. அதனால் ஒரே நாளில் அடித்த இரண்டு காசுகளில் ஒன்று கொஞ்சம் கனமாகவும் இன்னொன்று லேசாகவும் இருக்கும். கனமானதைப் பொறுக்கி உருக்கி லாபம் பார்த்தவர்கள் அன்றே இருந்தார்கள். எலிசபெத் ஆறு பென்ஸ் 2.7 முதல் 3.2 கிராமுக்குள் இருந்தால் எடையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். 2.5க்குக் கீழே போனால், விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். வெட்டும் இல்லாமல், தேய்மானமும் இல்லாமல் எடை மட்டும் குறைந்தால், அங்கே சந்தேகப்பட வேண்டும்.

விளிம்பு வெட்டு என்பது அந்தக் காசுகளைப் பிடித்த பெரிய நோய். வெளிவளைய முத்துகள் முழுதாக இருக்கின்றனவா, எழுத்துகளின் வெளிமுனை நேராக நறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சு விலகியதால் எழுத்து போயிருந்தால், ஒரு பக்கம் இழந்ததற்கு எதிர்ப்பக்கம் வெற்று விளிம்பு அகலமாக மிஞ்சியிருக்கும். வெட்டுப்பட்ட காசிலோ சுற்றிலும் குறைந்திருக்கும். இந்தக் களவுக்கு ராஜத்துரோகத் தண்டனை இருந்தும் நிற்கவில்லை. 1695 வாக்கில் கருவூலத்துக்கு வந்த 57,200 பவுண்டு மதிப்புள்ள சுத்தியலடிக் காசுகளைத் தராசில் போட்டபோது, 2,20,000 அவுன்சுக்கு மேல் இருக்க வேண்டிய எடை 1,14,000 அவுன்சுக்கும் கீழே நின்றது. ஏறக்குறைய பாதி வெள்ளி கத்தரிக்குப் போயிருந்தது. அதையடுத்து 1696இல் எல்லாவற்றையும் திரும்பப் பெற்று எந்திரத்தில் அடித்தார்கள். ஐசக் நியூட்டன் நாணயச்சாலைப் பணிக்கு வந்தது அந்த ஆண்டில்தான். நாரிச், யார்க், செஸ்டர், பிரிஸ்டல், எக்ஸிடர் ஆகிய ஊர்களில் கிளைச் சாலைகள் திறந்தார்கள். இழப்பை ஈடுகட்ட வீட்டு ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள். இன்று நம் கைக்கு வரும் சுத்தியலடி வெள்ளி ஒவ்வொன்றும் அந்த உலையிலிருந்து தப்பியது. அதை எண்ணும்போது, எழுத்து பாதி விழாததைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தரம் குறைந்த அரசுக் காசையும் போலியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எட்டாம் ஹென்றி 1544 முதல் வெள்ளியின் தரத்தை இறக்கிக்கொண்டே போனார். பன்னிரண்டில் ஒன்பது பங்கு, பிறகு ஆறு, 1546இல் நான்கு. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1551இல் மூன்று பங்குக்குப் போயிற்று, முக்கால்வாசி செம்பு. வெளுப்புத் தோல் தேய்ந்ததும் முதலில் செம்பு தெரிந்தது அரசரின் மூக்கில். மக்கள் ஹென்றிக்குச் ‘செப்புமூக்கன்’ என்றே பட்டம் கட்டினார்கள். இப்படி வந்த செந்நிற ஷில்லிங் அரசு அடித்த உண்மையான காசே. எலிசபெத் பட்டத்துக்கு வந்ததும், 1560 செப்டம்பரில், அவற்றை மதிப்பிறக்கினார். எட்வர்ட் கால மட்டரக ஷில்லிங்குகளில் சுமாரானவற்றின்மேல் கோட்டைக் கதவுச் சின்னம் குத்தினால் நாலரை பென்ஸ். மிக மட்டமானவற்றின்மேல் வேட்டைநாய்ச் சின்னம் குத்தினால் இரண்டேகால் பென்ஸ். பிறகு எல்லாவற்றையும் உருக்கி, ஓராண்டு சொச்சத்தில் நல்ல வெள்ளியாக அடித்து முடித்தார். அந்தக் குத்துச் சின்னம் உள்ள காசு இன்று மிக அரிது. சேதமான ஷில்லிங் என்று யாராவது ஒதுக்கிவைத்திருந்தால், தலை இருக்கும் பக்கத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையான போலிகளைக் கண்டுபிடிக்க எளிய வழி அடர்த்தி. ஸ்டெர்லிங் வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.36 கிராம். மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வெள்ளி என்றால் 9.4, வெள்ளீயக் கலவை என்றால் எட்டைத் தாண்டுவதே அரிது. 0.001 கிராம் காட்டும் சிறு மின்தராசு இருந்தால் போதும். முதலில் காசை உலர்ந்த நிலையில் எடைபோடுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு சிறு கிண்ணத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் இழையில் கட்டி, கிண்ணத்தின் அடியையோ சுவரையோ தொடாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு. முதல் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 3 கிராம் ஸ்டெர்லிங் காசுக்கு 0.290 வரவேண்டும், மூன்றில் ஒரு பங்கு வெள்ளிக்கு 0.319. வித்தியாசம் 0.03 கிராம்கூட இல்லை என்பதால் 0.1 காட்டும் சமையலறைத் தராசு பயன்படாது. காசில் ஒட்டும் காற்றுக்குமிழி ஒன்று கணக்கையே புரட்டிவிடும். முள்போல் மெல்லிய தூரிகையால் குமிழிகளைத் தட்டிவிடுங்கள். தண்ணீரில் மிகச் சிறு துளி சோப்புநீர் சேர்த்தால் குமிழி ஒட்டாது. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரு பென்னி அரை கிராமைத்தான் தொடும். அவ்வளவு சிறிய காசுக்கு இந்த முறை நம்பத்தக்கதல்ல.

வார்ப்புப் போலிகளைக் கண்ணே காட்டிக்கொடுக்கும். எழுத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்ததுபோல் உருண்டிருக்கும். வெற்றுப் பரப்பில் ஊசிக்குத்துபோல் சிறு குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி அச்சுப் பொருத்தின் கோடோ, அதை அரம் கொண்டு தேய்த்த வரிகளோ இருக்கும். அடித்த காசில் விரிசல் உலோகத்தைப் பிளந்துகொண்டு போகும். வார்ப்பில் அது வெறும் பள்ளக் கோடாக நிற்கும். எல்லாவற்றையும்விட உறுதியான சான்று ஒன்று உண்டு. கையால் நறுக்கி, கையால் பிடித்து அடித்த இரண்டு காசுகள் ஒரே விளிம்பு வடிவமும், ஒரே மையவிலகலும், ஒரே மங்கல் இடமும் கொண்டிருக்க முடியாது. அப்படி ஒரு ஜோடி கண்ணில் பட்டால், அவற்றில் குறைந்தது ஒன்று போலி. இணையத்தில் ஏலப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதன் முழுப் பயனும் இங்கேதான். போலியைப் பிடிக்கக் கோணல்தான் நமக்குக் கைகொடுக்கிறது. வட்டம் ஒன்றும் சொல்லாது. அந்தக் காலத்திலேயே செம்பு வில்லைக்கு வெள்ளிப் போர்வை போட்டு அடித்த கள்ளக்காசுகளும் உண்டு. விளிம்பிலும் மேடான இடங்களிலும் பச்சை கசிந்தால், எடையும் இலேசாக இருந்தால், அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காசின் வயதைப் படிக்க ஆண்டு எண் மட்டும் போதாது. எலிசபெத் காசுகளில் ஆறு பென்ஸ், மூன்று பென்ஸ், ஒன்றரை பென்ஸ், முக்கால் பென்ஸ் ஆகியவற்றில்தான் 1561 முதல் தலைக்குப் பின்னால் ரோஜாவும் மறுபக்கம் ஆண்டும் வரும். அளவில் நெருங்கிய நான்கு பென்ஸ், இரண்டு பென்ஸ், ஒரு பென்னி ஆகியவற்றோடு குழம்பாமலிருக்க இந்த ஏற்பாடு. ஆண்டு இல்லாத காசுகளை வரிசைப்படுத்த உதவுவது எழுத்துவரிசையின் தொடக்கத்தில் நிற்கும் சிறு சின்னம்: கிரீடம், கோட்டை, ஓக் மரக் கொட்டை, வாள், மணி, பிறைநிலா, கை, பீப்பாய், கம்பளிமூட்டை, சாவி, நங்கூரம் என்று அது மாறிக்கொண்டே போகும். அது அழகுக்காக வைத்ததல்ல. அடித்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிக் காசுகளை எடுத்து ‘பிக்ஸ்’ என்ற பெட்டியில் பூட்டிவைப்பார்கள். பொற்கொல்லர் நடுவர் குழு அவற்றை எடைபோட்டு, உருக்கி மாற்றுப் பார்க்கும். ஒரு சோதனை முடிந்ததும் சின்னம் மாறும். தரம் குறைந்திருந்தால் எந்தக் காலத்துக் காசு, யார் பொறுப்பு என்பது தெரிந்துவிடும். நல்ல நிலையில் இருந்த பழைய அச்சை வீசாமல் அதன்மேலேயே புதுச் சின்னத்தைக் குத்தியதும் உண்டு. வாளின்மேல் மணி தெரியும் காசு அப்படி வந்தது. ஆட்சியின் கடைசியில் 0, 1, 2 என்ற எண்களே சின்னமாயின. அவை 1600, 1601, 1602ஐக் குறிப்பவை. இந்தப் பெட்டிச் சோதனையை லண்டனில் இன்றும் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள்.

நம் கடலை நோக்கி வந்த ஒரு வெள்ளியையும் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்துக்காக 1601இல் எலிசபெத் பெயரில் டெஸ்டர்ன் என்ற அலகில் எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று மதிப்புள்ள காசுகளை அடித்தார்கள். எடை ஸ்பானிய எட்டு ரியால் வரிசைக்குச் சமம். பின்பக்கம் கிரீடமணிந்த கோட்டைக் கதவு. அந்தப் பயணத்தை நடத்திய ஜேம்ஸ் லங்காஸ்டரின் கப்பல்கள் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள அச்சேவுக்கும் பாண்டமுக்கும் போயின. ஆனால் கிழக்கத்திய வணிகர் அறிந்ததும் நம்பியதும் ஸ்பானியக் காசைத்தான். ராணியின் புதுக்காசு எடுபடவில்லை. பின்னர் கம்பெனியும் ஸ்பானிய வெள்ளியையே கொண்டுவந்தது. மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் பொட்டோசியிலும் அடித்த அந்த ரியால்களும் கத்தரியால் நறுக்கிச் சுத்தியலால் அடித்தவையே. அவற்றின் கோணலைப் பார்த்தால் எலிசபெத் காசு வட்டநிலா.

கடைசியாக, துலக்குவது. வீட்டுக் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் புளியும் திருநீறும் சரி. காசுக்கு வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் கறுப்பு, வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மெல்ல உருவான படலம். நானூறு ஆண்டு வேலை. திருநீறு எவ்வளவு நைசாக இருந்தாலும் அது உராய்பொருள். தலைமுடிச் சுருளின் கோடுகள் 0.1 மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாதவை. இரண்டு முறை தேய்த்தால் போய்விடும். பரப்பெங்கும் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் மின்னும். அனுபவமுள்ளவர் சாய்த்துப் பிடித்ததும் கண்டுகொள்வார். புளியும் எலுமிச்சையும் செம்பைத் தின்னும் அமிலங்கள். மேற்பரப்பில் நுண்துளைகளாகி, காசு சுண்ணாம்பு பூசியதுபோல் உயிரற்ற வெண்மையாகும். பற்பசையும் கடையில் விற்கும் வெள்ளி நீர்மங்களும் அதே கதைதான். துலக்கிய காசு விலையில் பெரும்பகுதியை இழக்கும். இழந்த பரப்பைத் திருப்பித் தர எந்த மருந்தும் இல்லை.

மண் ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, பிறகு மென்மையான பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. அதற்குமேல் ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிடலாம். வளைந்த காசை நிமிர்த்தவும் முயல வேண்டாம். பல நூற்றாண்டுகளில் வெள்ளிக்குள் இருக்கும் செம்பு படிகமணிகளின் எல்லையில் ஒதுங்கி, உலோகம் பிஸ்கட்போல் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும். புதுக்காசு வளைந்து கொடுக்கும். இது படக்கென்று இரண்டாகும். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து, மேசைமேல் மெத்தென்ற துணி விரித்து அதன்மேல் பாருங்கள்.

வைப்பதற்கு, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மென்மையான பிவிசி உறைகள் ஆகாது. நம் ஊர் வெக்கையில் அவை கசிந்து காசின்மேல் பச்சைப் பசையாகப் படியும். மைலார் உறையோ அமிலமில்லாத காகித உறையோ நல்லது. ரப்பர் வளையம், கம்பளித் துணி, வார்னிஷ் வாசம் போகாத புது மரப்பெட்டி ஆகியவற்றின் அருகில் வெள்ளி வேகமாகக் கறுக்கும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, அது ஈரம் குடித்து நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். ஒவ்வோர் உறையிலும் எடை, அகலம், சின்னம், அடர்த்தி ஆகிய நான்கையும் சிறு சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள், மை கசியும்.

இக்கடிதம் நீண்டுவிட்டது. இடமிருந்தால் துலக்குவது பற்றிய திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் புளியை ஊறவைப்பதற்குள் அது அச்சில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
நாணயவியல் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.